வெள்ளத்தில் லேப் மூழ்கினால் ரத்தப் பரிசோதனை எப்படி நடக்கும்?

உங்க வீட்டில் அப்பாவோ அம்மாவோ பயன்படுத்தும் குளுக்கோமீட்டர் இருக்கிறதா? கோவிட் நேரத்தில் மூக்கில் குச்சி விட்டு வீட்டிலேயே டெஸ்ட் பண்ணியிருக்கிறீர்களா? அப்படியென்றால் 'பாயின்ட் ஆஃப் கேர்' பரிசோதனை உங்களுக்குப் புதிதல்ல. சாம்பிளை லேபுக்கு அனுப்பாமல், நோயாளி இருக்கும் இடத்திலேயே சில நிமிடங்களில் ரிசல்ட் பார்ப்பதுதான் அது.

சாதாரண நாட்களில் இது ஒரு வசதி, அவ்வளவுதான். பேரிடரில் கதையே வேறு. கரண்ட் போனால் லேப் மெஷின் நிற்கும். ரோடு துண்டானால் சாம்பிள் நகராது. மறுநாள் ரிசல்ட் வந்தாலும், அந்த நோயாளி வேறு முகாமுக்குப் போயிருப்பார்.

எங்கே உயிரைக் காப்பாற்றும்?

நிலநடுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடிபாடுகளுக்குள் மணிக்கணக்கில் கால் நசுங்கிக் கிடந்த ஒருவர், நன்றாகப் பேசிக்கொண்டேதான் வெளியே வருவார். ஆனால் நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கலந்துகொண்டிருக்கும். அது எகிறினால் இதயம் நின்றுவிடலாம், சிறுநீரகமும் செயலிழக்கலாம். இதைத்தான் 'க்ரஷ் சிண்ட்ரோம்' என்கிறார்கள்.

சலைன் ஏற்றுவதற்கு எந்த டெஸ்ட்டுக்கும் காத்திருக்கக் கூடாது. ஆனால் ஹெலிகாப்டரில் ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது, டயாலிசிஸ் வசதியுள்ள ஊருக்கு முதலில் யாரை அனுப்புவது? முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. 'ஐ-ஸ்டாட்' போன்ற கையடக்கக் கருவி, சில சொட்டு ரத்தத்தில் சில நிமிடங்களில் பொட்டாசியம் அளவைச் சொல்லிவிடும்.

எங்கே ஏமாற்றும்?

2018 ஆகஸ்ட் கேரள வெள்ளம் நினைவிருக்கும். தண்ணீர் வடிந்ததும் எலிக்காய்ச்சல் பரவியது. எலியின் சிறுநீர் கலந்த வெள்ள நீரும் சேறும், காலில் ஒரு சின்ன காயமும் போதும், கிருமி உள்ளே போய்விடும். இதற்கான ரேபிட் கார்டுகள் பெரும்பாலும் தேடுவது கிருமியை அல்ல, உடல் உருவாக்கும் ஐஜிஎம் எதிர்ப்பொருளை. அது தென்பட காய்ச்சல் வந்து சுமார் 5 நாட்களாவது ஆகும். அதற்குள் நோய் முற்றிவிடக்கூடும். ஆக, இரண்டாம் நாள் கார்டில் 'நெகட்டிவ்' வந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. சந்தேகம் வந்தாலே மருந்தைத் தொடங்க வேண்டும் என்பதுதான் மருத்துவ நடைமுறை. கேரளாவில் வெள்ள நீரில் இறங்கியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை முன்கூட்டியே தரப்பட்டதும் அதனால்தான்.

டெங்குவில் இது அப்படியே தலைகீழ். என்எஸ்1 டெஸ்ட் முதல் சில நாட்களில்தான் நன்றாகப் பிடிக்கும், அப்புறம் ஐஜிஎம் பார்க்க வேண்டும். முகாமில் கிட் இருக்கிறதா என்பதைவிட, காய்ச்சல் எத்தனையாவது நாள் என்று கேட்க ஆள் இருக்கிறாரா என்பது முக்கியம். என்னைக் கேட்டால், கிட் எண்ணிக்கையை மட்டும் காட்டும் தயார்நிலை அறிக்கைகளைச் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

வெயில் ஒரு பெரிய பிரச்னை

ஐ-ஸ்டாட் கருவி 16 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள் வேலை செய்ய வடிவமைக்கப்பட்டது. அதன் கார்ட்ரிட்ஜ்களை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், வெளியே எடுத்தால் பல வகைகள் இரண்டு வாரம்தான் தாங்கும். மதிய வெயிலில் தார்ப்பாய் கூடாரத்துக்குள் நின்று பார்த்தவர்களுக்கு இதன் சிக்கல் புரியும். இன்னொன்று: குளிரில் விறைத்தவர், அதிர்ச்சி நிலையில் இருப்பவர் ஆகியோரின் விரல் நுனிக்கு ரத்தம் சரியாக ஓடாது. அங்கே குத்தி எடுக்கும் சர்க்கரை அளவு தப்பாக வரலாம்.

இந்தியாவில் என்ன இருக்கிறது?

மத்திய அரசின் 'பீஷ்ம்' க்யூப். 72 சிறு பெட்டிகளாகப் பிரித்துத் தூக்கிச் செல்லக்கூடிய நடமாடும் மருத்துவமனை இது, 200 பேர் வரை சிகிச்சை தரலாம் என்கிறது அரசு. 2024 ஆகஸ்டில் விமானப்படை, 15,000 அடிக்கும் மேலான உயரத்தில் உள்ள இடத்தில் இதை பாராசூட்டில் இறக்கிக் காட்டியது. மேலே சொன்ன கணக்கு இதற்கும் பொருந்தும். அவசரமில்லாத நாட்களில் பெட்டியைத் திறந்து பழகியிருக்க வேண்டும், காலாவதி தேதியைப் பார்த்து கிட்டை மாற்றியிருக்க வேண்டும்.

உங்க வீட்டில்?

மழைக்காலத்துக்கு முன்னாடி அந்த குளுக்கோமீட்டரை எடுத்துப் பாருங்கள். ஸ்ட்ரிப் டப்பா மூடியை இறுக்கி மூடவில்லை என்றால் ஈரம் ஏறி ரீடிங் பிசகும். பல பிராண்டுகளில் டப்பாவில் அச்சிட்ட தேதி திறக்காத டப்பாவுக்குத்தான். அவற்றில் திறந்த பிறகு எத்தனை மாதம் என்பது லேபிளில் தனியாக இருக்கும். திறந்த தேதியை டப்பா மேலேயே பேனாவால் எழுதி, ஒரு எக்ஸ்ட்ரா பேட்டரியோடு ஜிப் கவரில் போட்டு, ஆதார் நகலும் மாத்திரை சீட்டும் இருக்கும் அதே பையில் வையுங்கள்.