மின்சாரக் கார்களும் இந்திய அரசின் வரிக்கொள்கையும்

பெட்ரோல் இல்லாமல் வண்டி ஓட்டும் தேவை மதுரைக்குப் புதிதன்று. 1912-இல் இந்நகரில் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்கார், இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டைச் சமாளிக்க ‘டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்’ என்ற கருவியைத் தயாரித்தார். அன்று தட்டுப்பாடு செய்த வேலையை இன்று வரிக்கொள்கை செய்யப் பார்க்கிறது.

தேசிய மின் போக்குவரத்து இயக்கத் திட்டத்தை நடுவண் அரசு 2013 ஜனவரியில் வெளியிட்டது. அதன் தொடர்ச்சியாக 2015 ஏப்ரலில் ‘ஃபேம்’ மானியத் திட்டம் வந்தது. 2019-இல் 10,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில், வாடகைக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் பயன்படும் கார்களுக்கே மானியம் கிடைத்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘பி.எம். இ-டிரைவ்’ திட்டத்தில் கார்களே இடம்பெறவில்லை. “மின்சாரக் கார் வாங்கினால் டெல்லியிலிருந்து மானியம் வருமாமே?” என்று இன்றும் கேட்கிறார்கள். சொந்தக் காருக்கு நடுவண் அரசின் சலுகை வரியில்தான் இருக்கிறது.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது மின்சார வாகனங்களுக்கு 12 விழுக்காடு வரி. 2019 ஆகஸ்ட் 1 முதல் 5 விழுக்காடு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வரிக்கு முந்தைய விலை 10 லட்சம் ரூபாய் என்று கொள்க. மின்சாரக் காருக்கு வரி 50,000 ரூபாய். சிறிய பெட்ரோல் காருக்கு மேல்வரியுடன் 29 விழுக்காடு, அதாவது 2,90,000 ரூபாய். வித்தியாசம் 2,40,000. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு வரி 18 விழுக்காடாகக் குறைந்தது. வித்தியாசம் 1,30,000 ஆகிவிட்டது. மின்சாரக் காரின் வரி ஏறவே இல்லை. ஆயினும் அதற்கிருந்த அனுகூலத்தில் 1,10,000 ரூபாய் போய்விட்டது. பேட்டரியின் விலையால் இவ்வகைக் காரின் அடக்க விலையே கூடுதல் என்பதால், நடுத்தரக் குடும்பத்துக்கு இது சிறிய தொகையன்று.

வருமான வரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவு இன்னொரு சலுகை. 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை அனுமதிக்கப்பட்ட மின்சார வாகனக் கடன்களின் வட்டியில் ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். வருமான வரி கட்டுவோருக்கு மட்டுமே இதனால் பலன். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை. ஆகவே உசிலம்பட்டிப் பக்கத்தில் நிலத்தை மட்டுமே நம்பி வாழும் ஒருவர் கடன் வாங்கிக் கார் வாங்கியிருந்தாலும், இந்தப் பிரிவால் அவருக்கு ஒரு ரூபாயும் மிச்சமில்லை.

சாலை வரி மாநிலத்தின் அதிகாரம். தமிழ்நாடு அரசு 2020 நவம்பரில் முழு விலக்கு அளித்து, 2023-ஆம் ஆண்டுக் கொள்கையில் அதை 2025 இறுதி வரை நீட்டித்தது.

பழைய மின்சாரக் காருக்கு வேறு கணக்கு. 2024 டிசம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம், பதிவுபெற்ற வியாபாரி அதை வாங்கி விற்றால் அவருடைய இலாபத்தின்மீது 18 விழுக்காடு வரி என முடிவு செய்தது. முன்பு அது 12 விழுக்காடு. மேலூரில் ஒருவர் தம் சொந்தக் காரைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு நேரடியாக விற்றால் இந்த வரி இல்லை.