ஏறிக் கண்ட மழை

மழையைப் பாடாத கவிஞர் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் இயற்பியலாரும் தாம் கண்ட ஓர் அரிய நிகழ்ச்சிக்கு மழையின் பெயரையே இட்டனர். அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது தோன்றும் துகள் பொழிவே அது. நிலத்தில் நின்றவர்க்கு அதன் எச்சமே தெரிந்தது. ஏறியவர்க்கே அதன் இயல்பு விளங்கிற்று.

காற்றில் எங்கும் அயனிகள் காணப்படுவதற்கு மண்ணிலுள்ள கதிரியக்கப் பொருள்களே காரணம் என்று அறிஞர் பலர் கருதிவந்தனர். அவ்வாறாயின், உயரே செல்லச் செல்ல அவை அருகவேண்டும். 1910-இல் தியோடர் உல்ஃப் என்னும் பாதிரியார் அளவுக்கருவியோடு ஈஃபில் கோபுரத்தில் ஏறினார். எதிர்பார்த்த அளவுக்குக் குறைவு இல்லை. 1912 ஆகஸ்டு 7 அன்று ஆஸ்திரியரான விக்டர் ஹெஸ், ஹைட்ரஜன் பலூனில் 5,300 மீட்டர் உயரம் சென்றார். முதலில் சற்றே குறைந்த கதிர்வீச்சு, பின்னர் உயர உயர மிகுந்தது. கதிர் விண்ணிலிருந்தே வருகிறது என்று அவர் துணிந்தார். 1936-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1938-இல் நாஜி ஆட்சி அவரது பேராசிரியர் பதவியைப் பறித்தது. அவர் அமெரிக்காவில் குடியேறினார்.

உயர்ந்தால் மிகும் என்பதும் முழு உண்மையன்று. 1930-களில் எரிக் ரெகனரும் கியோர்க் ஃபோட்சரும் அனுப்பிய ஆளில்லாப் பலூன்கள், ஏறத்தாழ 15 முதல் 20 கிலோமீட்டர் உயரத்திற்குள் கதிர்வீச்சு உச்சம் எய்தி, அதற்கப்பால் குறைவதைக் காட்டின. துகள்கள் பெருகும் வகையை 1937-இல் நம் நாட்டு ஹோமி பாபாவும் வால்ட்டர் ஹைட்லரும் விளக்கினர். விரைந்து வரும் எலக்ட்ரான் ஒளித்துகளை உமிழ்கிறது. ஒளித்துகள் எலக்ட்ரானும் பாசிட்ரானுமாக மாறுகிறது. இவ்வாறு ஒன்று பலவாகிறது. பங்கிடப்பட்ட ஆற்றல் குன்றியதும் பெருக்கம் நின்று, துகள்கள் காற்றில் அடங்குகின்றன.

1938-இல் ஆல்ப்ஸ் மலையின் யுங்ஃபிராவ் கணவாயில் பியர் ஓஷே 300 மீட்டர் இடைவெளியில் வைத்த கருவிகளும் ஒரே கணத்தில் துகள்களைப் பதிந்தன. ஒற்றைக் கதிரின் பொழிவு அத்துணைப் பரப்பில் விரிந்திருந்தது! முதற்கதிரின் ஆற்றல் மிகுந்தால், பொழிவு இன்னும் கீழிறங்கியே உச்சமடையும். ஆதலின் மலைமுகடு அதனைச் செழிப்போடு காண்கிறது. கடற்கரை தேய்ந்த நிலையில் காண்கிறது. மியூவான்கள் நிலத்துள்ளும் ஊடுருவும்.

உதகமண்டலத்தில் 2,200 மீட்டர் உயரத்தில் அமைந்த கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இம்மழையையே அளக்கிறது. அஃது இக்கணமும் நம்மீது பெய்கிறது. நாம் நனைவதில்லை, அறிவதுமில்லை. பலரும் ஏற்ற கருத்தை ஏறிச் சென்று அளந்து பார்த்த ஒருவரின் துணிவே அதனை நமக்கு அறிமுகம் செய்தது.