குலமும் நதியும்

'பாட்டனாருக்கு நீரிழிவு, தந்தையாருக்கும் நீரிழிவு. ஆகவே எனக்கும் அது வந்தே தீரும்' என்று கூறுவோர் பலர். இக்கூற்றில் எத்துணை உண்மை உளது? இதனை ஆராய்வதற்கு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீமா என்னும் பழங்குடியினரின் வரலாறு நமக்குத் துணை செய்யும். (பாரதக் கதையின் வீமனுக்கும் இப்பெயருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.)

இவர்கள் தம்மை 'ஆற்று மக்கள்' எனப் பொருள்படும் பெயரால் வழங்கிக்கொள்வர். அவ்வாறு கீலா எனப்படும். பாலை நடுவே அதனின்று வாய்க்கால் வெட்டி, சோளமும் அவரையும் பூசணியும், பிற்காலத்தில் கோதுமையும் விளைவித்தனர். 1849ஆம் ஆண்டில் பொன்னை நாடிக் கலிபோர்னியா சென்ற வழிப்போக்கர் பலர் இவர்களுடைய தானியத்தாலேயே பசியாறினர். பின்னர், ஆற்றின் மேற்பகுதியில் குடியேறியோர் நீரைத் தம் நிலங்களுக்குத் திருப்பிக்கொண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் வயல்கள் வறண்டன, பஞ்சம் வந்தது. ஊருக்குச் சோறிட்டவர்கள் அரசாங்கம் அளந்த மாவையும் சர்க்கரையையும் பன்றிக்கொழுப்பையும் எதிர்பார்த்து நிற்கலாயினர்.

1963ஆம் ஆண்டில் மூட்டுவாத நோயை ஆராய அங்குச் சென்ற மருத்துவக் குழுவினர், தாம் தேடாத நீரிழிவு அங்கே மிகுந்திருக்கக் கண்டு வியந்தனர். 1965 முதல் அம்மக்களை இரண்டாண்டுக்கு ஒருமுறை சோதித்து வந்தனர். 1981இல் வெளியான முடிவு யாது? உடல் பருமன் ஏற ஏற நோயும் ஏறியது. பெற்றோருக்கு நோய் இருந்தவர்களிடம் அவ்வேற்றம் இன்னும் செங்குத்தாக இருந்தது. ஆதலின், தம் வீட்டு முதியோருள் யாருக்கு, எந்த வயதில் நோய் கண்டது என்பதை மாணவர்கள் கேட்டுக் குறித்துவைத்தல் வீண்வேலை அன்று.

பருத்த இடுப்பு, மிகுந்த இரத்த அழுத்தம், ஏறிய இரத்தச் சர்க்கரை, டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பின் மிகுதி, நற்கொழுப்பின் குறைவு ஆகிய ஐந்தில் மூன்று ஒருவரிடம் கூடுமாயின், மருத்துவர் அதனை வளர்சிதை மாற்ற நோய்த்தொகுதி என்பர். நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் அது வாயிலாகும். 1988இல் ஜெரால்டு ரீவன் என்னும் அமெரிக்க மருத்துவர், இவற்றுட் பலவற்றுக்கும் இன்சுலினுக்கு உடல் செவ்வனே இணங்காமையே வேர் என விளக்கினார்.

பஞ்ச காலத்துக்கெனக் கொழுப்பைச் சேமிக்கும் இயல்பே வளமான காலத்தில் நோயாகிறது என 1962இல் ஜேம்ஸ் நீல் என்னும் அறிஞர் உரைத்தார். அழகிய கருத்துத்தான், எனினும் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டதன்று. பழியை இரத்தத்தின்மேல் சுமத்தி ஆற்றை மறக்க விரும்பியோர்க்கு அது மிக வசதியாகவும் போயிற்று.

இதே குலத்தின் மற்றொரு கிளையினர் மெக்சிகோவின் மலைச்சிற்றூராகிய மைகோபாவில், கையுழைப்பால் பயிர்செய்து வாழ்கின்றனர். 2006இல் வெளியான ஆய்வின்படி, அரிசோனாப் பீமாக்களுள் நூற்றுக்கு 38 பேருக்கு நீரிழிவு. மைகோபாப் பீமாக்களுள் நூற்றுக்கு 6.9 பேருக்கே அது இருந்தது. ஆயினும் அதே ஊரில் அதே உழைப்போடு வாழும் வேற்றுக் குலத்தாரிடம் அவ்விகிதம் 2.6தான். குலத்தின் பங்கு எவ்வளவு, வாழ்க்கையின் பங்கு எவ்வளவு என்பதை இம்மூன்று எண்களையும் அருகருகே எழுதி நீங்களே எண்ணிப் பாருங்கள்.

2004ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுச் சட்டமொன்று, கீலா ஆற்றுச் சமூகத்தாருக்கு ஆண்டுதோறும் 6,53,500 ஏக்கர்-அடி நீருக்கு உரிமை வழங்கிற்று. இழந்த நீரின் உரிமை மீள்வதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று.