குலுக்கையைத் தேடி வந்த பூனை

மாட்டை மூக்கணாங்கயிறு போட்டுப் பழக்கினோம். நாயைச் சோறு போட்டுப் பழக்கினோம். பூனையை மட்டும் யாரும் பிடித்து வந்து பழக்கவில்லை. அது தானாக வந்து சேர்ந்த பிராணி. எதற்காக வந்தது என்ற பழைய கதை தெரிந்தால்தான் அதன் குணம் புரியும், வேலையும் வாங்கலாம்.

நம்ம கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசக்காட்டை நினைத்துப் பாருங்கள். மானாவாரி பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிக் கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் போடுகிறோம். தை, மாசியில் வீடு வந்து சேர்வதை அடுத்த வெள்ளாமை வரைக்கும் காப்பாற்றியாக வேண்டும். கோடையில் மண் பாளம் பாளமாக வெடிக்கிறது. வெடிப்புக்குள்ளே எலி குடித்தனம் நடத்துகிறது. வீட்டிலோ சுண்டெலி காத்துக் கிடக்கிறது. அந்தக் காலத்துச் சம்சாரி வீட்டில் மண் குலுக்கை இருந்தது. இப்போது சாக்கு மூட்டை. சாக்கைக் கடிக்க எலிக்கு எவ்வளவு நேரமாகும்?

பூனையின் கதை தொடங்குவதும் தானியம் சேர்த்து வைத்த இடத்தில்தான். சுமார் 10,000 வருஷங்களுக்கு முன்னால் மேற்கு ஆசியாவில் ஜனங்கள் கோதுமையும் பார்லியும் விதைத்துச் சேமிக்கத் தொடங்கினார்கள். தானியம் சேர்ந்த இடத்தில் எலி சேர்ந்தது. எலியைத் தேடிக் காட்டுப்பூனை வந்தது. மனுஷனைக் கண்டு ரொம்பவும் மிரளாத பூனைகள் ஊரோரத்திலேயே தங்கிக் குட்டி போட்டன என்பது ஆராய்ச்சியாளர்கள் கருத்து. சைப்ரஸ் தீவில் 9,500 வருஷத்துக்கு முந்திய ஒரு மனிதப் புதைகுழிக்குப் பக்கத்தில் பூனையின் எலும்புக்கூடு கிடைத்த செய்தி 2004-ல் வெளிவந்தது. அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை கிடையாது. ஆகவே யாரோ படகில் கொண்டுபோயிருக்க வேண்டும்! எகிப்துக்காரர்கள் பூனையைக் கும்பிடவே செய்தார்கள். நாம் கும்பிடவில்லை, குறுக்கே போனால் சகுனம் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டிலும் பூனை பழைய ஆள்தான். மாலை நேரத்தில் வேலியோரம் வெருகு வந்ததும் வீட்டுக்கோழி தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கிற காட்சி குறுந்தொகையில் இருக்கிறது. வெருகு என்றால் காட்டுப்பூனை. மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டுப் பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை கைகளைத் தூக்கித் தவம் செய்கிறது. காலடியில் எலிகள் நிற்கின்றன. ருத்திராட்சப் பூனை என்று நாம் சொல்வதைக் கல்லிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். கம்பரும் தம்மைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூனைக்கு ஒப்பிட்டுக்கொண்டார்.

1896-ல் பம்பாயில் பிளேக் புகுந்தது. எலியின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சிதான் நோயைப் பரப்புகிறது என்று பிறகு தெரிந்தது. அமராவதியிலிருந்த புக்கானன் என்ற சர்க்கார் டாக்டர், பூனைகள் நிறைய இருந்த கிராமங்களில் பிளேக் குறைவு என்று 1908-ல் எழுதினார். அமராவதியும் நம்மைப் போலப் பருத்தி விளைகிற கரிசல் சீமைதான். ஆனால் பூனைக்கும் பிளேக் தொற்றும், அதிலிருந்து மனுஷனுக்கும் வரும் என்பது இன்றைக்குத் தெரிந்த விஷயம். அதனால் பூனையைப் பிளேக்குக்கு மருந்தாக நினைக்க வேண்டாம்.

இனி நமக்கு வேண்டிய இடத்துக்கு வருவோம். "பூனைக்குச் சோறு வைக்காதே, பட்டினி கிடந்தால்தான் எலி பிடிக்கும்" என்று பெரியவுக சொல்லக் கேட்டிருப்பீர்கள். இங்கிலாந்தில் எல்டன் என்ற விஞ்ஞானி பண்ணைப் பூனைகளை ஆராய்ந்து 1953-ல் எழுதியது இதற்கு நேர்மாறு. பால் ஊற்றப்பட்ட பூனைகள் பண்ணையை விட்டுப் போகாமல் காவல் காத்தன. பட்டினிப் பூனை இரை தேடி எங்கெங்கோ போய்விடும். இன்னொன்றும் கவனித்தார். எலி மலிந்துகிடந்த பண்ணையில் பூனையால் மட்டும் எலியை ஒழிக்க முடியவில்லை. முதலில் வேறு வழியில் எலியைத் தீர்த்துவிட்டு அப்புறம் பூனையை விட்டபோது, மறுபடி எலி குடியேறாமல் பார்த்துக்கொண்டது. அந்தக் காவலும் கட்டடத்தைச் சுற்றி 50 கஜம் வரைக்கும்தான். ஆக, பூனை வீட்டுக்கும் களத்துக்கும் படப்புக்கும் ஆகும். காட்டிலிருக்கும் வரப்பெலியை அதன் தலையில் கட்டக் கூடாது. பெருச்சாளியோடும் பூனை சண்டைக்குப் போகாது, போகவும் வேண்டாம்.

சரி, எலி பிடிக்கப் பூனைக்குச் சொல்லிக் கொடுக்கணுமா? சிரிக்காதீர்கள். சீன விஞ்ஞானி க்வோ 1930-ல் இதைச் சோதித்துப் பார்த்தார். தாய்ப்பூனை எலி கொல்வதைப் பார்த்து வளர்ந்த 21 குட்டிகளில் 18 எலியைக் கொன்றன. தனியாக வளர்ந்த 20-ல் 9 மட்டும் கொன்றன. எலியோடு சேர்த்து வளர்க்கப்பட்ட 18-ல் கொன்றது மூன்றே மூன்று! வேட்டை பாதி பிறவியில் வருகிறது, பாதி தாயிடம் கற்பது. தாய் முதலில் செத்த எலியைக் கொண்டுவந்து போடும், பிறகு குற்றுயிராகப் போடும், அப்புறம் உயிரோடு விடும். நாமோ குட்டி கண் திறந்து நடக்க ஆரம்பித்ததுமே தூக்கி வந்துவிடுகிறோம். பாடம் படிக்காத பிள்ளையிடம் பரீட்சை வைத்தால் எப்படி?

அதனால் குட்டி வாங்குகிறவர், நன்றாக எலி பிடிக்கிற தாயாகப் பார்க்க வேண்டும். ரெண்டு மாசம் வரைக்குமாவது அதைத் தாயிடமே விட்டு வையுங்கள். ஆனால் குட்டி மனுஷனோடு பழகுகிற பருவம் இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை. அந்தச் சமயத்தில் மனுஷக் கை படாத குட்டி பெரிதானபின் மிரண்டு ஓடும். ஆகவே அந்த வீட்டுக்கே தினமும் கொஞ்ச நேரம் போய்க் குட்டியைக் கையில் எடுத்துப் பழக்குங்கள். அலைச்சல்தான், ஆனால் பலன் உண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ரெண்டு, மூணு வாரம் தானியம் இருக்கிற அறையிலேயே அடைத்து வளருங்கள். வாசம் பிடித்துப்போனால் அதுவே அதன் இடம்.

இனிப் பழக்குவது. அமெரிக்காவில் தார்ன்டைக் என்பவர் 1898-ல் பசித்த பூனையைக் கூண்டில் அடைத்து வெளியே மீன் வைத்தார். கயிற்றை இழுத்தால் கதவு திறக்கும். முதலில் தட்டுத்தடுமாறி வெகுநேரம் கழித்து வெளியே வந்த பூனை, போகப்போக நொடியில் வந்தது. காலைப் பிடித்துச் செய்து காட்டியபோது அது கற்கவில்லை. தானே செய்து பலன் கண்டபோதுதான் கற்றது. அடியால் பூனை ஒன்றும் படிப்பதில்லை. அடித்தவரைக் கண்டால் ஓட மட்டும் படிக்கும். தினமும் ஒரே நேரத்தில் ஒரே சத்தம் கொடுத்துக் கூப்பிட்டு, வந்த உடனே துளி கருவாடு வையுங்கள். கொஞ்ச நாளில் சத்தம் கேட்டதும் ஓடி வரும். அம்பாரத்தில் அசிங்கம் செய்தால், மூலையில் ஒரு பெட்டியில் மணலோ சாம்பலோ போட்டு வையுங்கள். மூடிப் புதைப்பது அதன் சுபாவம். பெட்டியை தினமும் சுத்தம் செய்யுங்கள், கர்ப்பிணிப் பெண்கள் அந்த வேலையைச் செய்ய வேண்டாம். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெறும் மோர்ச்சோறு பூனைக்குப் போதாது. டாரின் என்ற சத்து மாமிசத்திலும் மீனிலும்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் பூனைக்குக் கண் கெடும் என்று 1975-லும், இருதயம் கெடும் என்று 1987-லும் கண்டுபிடித்தார்கள். கவிச்சி புழங்காத வீட்டுப் பூனை அதை எலியிடமிருந்துதான் எடுத்துக்கொள்கிறது.

எலிக்கு விஷம் வைக்கிற வீட்டில் இதுதான் ஆபத்து. புரோமடையோலான் வில்லை தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். பூனைக்குச் சுலபமான இரை அதுதான். அந்த விஷம் பூனையின் உடம்பிலும் சேரும். விஷம் வைக்கத்தான் வேண்டுமென்றால் பூனை வருவதற்கு முன்னாலேயே வைத்து முடியுங்கள். செத்த எலிகளைத் தேடி எடுத்து ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். பூனை வந்த பிறகு எலிப்பொறியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.