சந்தியாப்பிள்ளை பிறந்த கதை

ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் சந்தியாப்பிள்ளை என்றொரு அப்பு யாருக்காவது இருந்திருப்பார். அந்திச் சந்தியோடு இந்தப் பெயருக்கு உறவில்லை. இது எபிரேயப் பெயர்.

தொடக்க நூல் 25ஆம் அதிகாரத்தில் ரெபேக்காவுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறக்கின்றன. முதலில் வந்தவன் ஏசா. அடுத்தவன் தமையனின் குதிக்காலைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தான். எபிரேயத்தில் குதிக்காலுக்கு 'ஆகேவ்' என்று பெயர். பிள்ளை 'யாக்கோவ்' ஆனான். பிறகு தமையனின் தலைமகனுரிமை, தகப்பனின் ஆசி இரண்டும் அவன் கைக்குப் போனபோது, பெயருக்கேற்ற வேலை என்று ஏசா குமுறினான். யாப்போக்கு ஆற்றங்கரையில் விடியும்வரை மல்லுக்கட்டி இஸ்ரயேல் என்ற பெயரைப் பெற்றவனும் இவனே.

இயேசுவின் சீடரான, செபதேயுவின் மகனுக்கும் அதே யாக்கோவ் என்ற பெயர். தகப்பனோடு படகிலிருந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்தவரை இயேசு கூப்பிட்டார். கடற்றொழிலாளருக்கு அவர் அந்நியரல்லர். அவர் பெயர் கிரேக்கத்தில் யாக்கோபோஸ். ஸ்பெயின், போர்த்துக்கல் கரைகளில் தேய்ந்து 'யாகோ'. புனிதர் என்னும் 'சாந்த்' முன்னால் ஒட்டிக்கொள்ள, சாந்தியாகோ.

போர்த்துக்கேயக் குருமாரோடு வந்த அந்தப் பெயர், 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தபின் ஊன்றிவிட்டது. 1647இல் தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் 'சந்தியோகுமையோர் அம்மானை' பாடினார். 'மையோர்' என்றால் பெரியவர். சீடர்களில் யாக்கோபுகள் இருவர் இருந்ததால் வந்த அடைமொழி. சூசைப்பிள்ளை, அந்தோனிப்பிள்ளை போலவே இதனோடும் நம்மவர் 'பிள்ளை'யைச் சேர்த்தார்கள். சாந்தியாகோ சந்தியாகு ஆகி, சந்தியாகுப்பிள்ளை ஆனது. நாக்கு 'கு'வை விழுங்கியது.

1658இல் ஒல்லாந்தர் வந்து கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். 1687இல் யோசேப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் சேரும்வரை சனங்களுக்குக் குருவே இல்லை. அப்படியும் பெயர் அழியவில்லை.

பின்னர் புரட்டஸ்தாந்தர் யாக்கோபு என்றார்கள், ஆங்கிலேயர் ஜேம்ஸ் என்றார்கள். குருநகர்க் கோயிலில் அவர் யாகப்பர். பாரிஸில் ழாக். ஜேம்ஸும் ழாக்கும் வந்தபடியே நின்ற பெயர்கள். சந்தியாப்பிள்ளையை நம் சனங்கள் தங்கள் நாவால் பிசைந்து தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள். அதனால் எனக்கு அதுவே உயர்ந்தது.

பாரிஸிலும் ரொறன்ரோவிலும் பேரப்பிள்ளைக்குப் பெயர் தேடும் தீவகத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: முதற்பெயராக ஜேக்கப், ஜேம்ஸ், ழாக் எதை வைத்தாலும் வையுங்கள். இரண்டாம் பெயராகச் சந்தியாப்பிள்ளை என்று எழுதுங்கள்.