வாகன எச்சரிக்கை விளக்குகள்: போடி மலைச்சாலையில்

காரின் மீட்டர் போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்குகள் எஞ்சின், பிரேக், மின்சுற்று ஆகியவற்றில் நேரும் கோளாறை ஓட்டுநருக்குத் தெரிவிப்பவை. தேனி மாவட்டத்தின் தேவாரம், போடிநாயக்கனூர், கம்பம் ஆகிய அடிவார ஊர்களிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் வண்டிகளில் இவற்றைக் கவனியாமல் விட்டால் விளைவு சமவெளியைவிடக் கடுமையாக இருக்கும்.

தொடக்கத்தில் இந்த வேலையை அளவிகளே செய்தன. 1910-களில் ரேடியேட்டர் மூடியின் மேலேயே பொருத்திய பாய்ஸ் மோட்டோமீட்டர் என்ற வெப்பமானியைப் பார்த்தபடி ஓட்டினார்கள். பின்னர் அளவிகள் இருக்கைக்கு எதிரே வந்தன. 1930-களில் அமெரிக்காவின் ஹட்சன் நிறுவனம் ஆயில் அழுத்தத்துக்கும் மின்னேற்றத்துக்கும் இருந்த அளவி முள்ளை எடுத்துவிட்டுச் சிவப்பு விளக்கை வைத்தது. செலவு குறைந்ததால் மற்றவர்களும் அதையே செய்தனர். கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏலமலை ஏறிய பழைய மஹிந்திரா ஜீப்புகளில் எரிபொருள், ஆம்பியர், ஆயில், ஹீட் என நான்கு முள்ளும் இருந்தன. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இல் ஆயிலுக்கும் சார்ஜுக்கும் விளக்குதான். மலைச்சாலைக்கு இந்த மாற்றம் நன்மை செய்யவில்லை. ஆயில் விளக்கின் சுவிட்ச், அழுத்தம் ஏறக்குறைய 0.3 முதல் 0.5 பார் வரை இறங்கிய பிறகே வேலை செய்யும். சூடாகி ஓடும் எஞ்சினுக்கோ பொதுவாக 2 பாருக்கு மேல் வேண்டும். முள் தளர்வதைப் பார்த்தே ஜீப் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டிவிடுவார். விளக்கை நம்பியவருக்குக் கடைசி நேரத்தில்தான் செய்தி வருகிறது.

விளக்குகளின் குறிகளும் நிறங்களும் ஐ.எஸ்.ஓ. 2575 என்ற பன்னாட்டுத் தரத்தை ஒட்டியவை. சிவப்பு எரிந்தால் பத்திரமான இடம் பார்த்து உடனே நிறுத்த வேண்டும். மஞ்சள் என்றால் நிதானமாக ஓட்டி விரைவில் பட்டறையில் காட்டலாம். ஆனால் மஞ்சள் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் எஞ்சினில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று பொருள். அதோடு ஏற்றம் ஏறக் கூடாது. பச்சையும் நீலமும் தகவல் மட்டுமே. சாவியைத் திருப்பும்போது எச்சரிக்கை விளக்குகள் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். அப்போதே எரியாத விளக்கு, கோளாறு வந்தாலும் எரியாது.

தேசிய நெடுஞ்சாலை 85-இல் முந்தல் அடிவாரத்திலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகளும் சுமார் ஆயிரம் மீட்டர் ஏற்றமும் உள்ளன. முதல், இரண்டாம் கியரில் சுமையோடு ஊர்ந்து ஏறும் வண்டிக்கு ரேடியேட்டரில் காற்று போதாது. ஹீட் விளக்கு எரிவது இங்கேதான். எஞ்சினை நிறுத்தி ஆறவிட வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் நீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும் என்பதால், மூடியைத் திறந்த நொடியில் முகத்தில் பீறிடும். வளைவில் திரும்பும்போது மட்டும் ஆயில் விளக்கு மினுக்கினால், ஆயில் குறைந்து, இருப்பதும் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. சமதளத்தில் நிறுத்திக் குச்சியால் அளவு பார்த்து ஊற்ற வேண்டும். நேர்ச்சாலையிலும் அணையாமல் எரிந்தால் எஞ்சினை அப்போதே நிறுத்துவது ஒன்றே வழி.

இறக்கத்தில் பிரேக் விளக்கு முக்கியம். ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இறங்கியிருந்தும் எரிந்தால் பெரும்பாலும் பிரேக் ஆயில் குறைந்திருக்கும். பேட் தேயத் தேய ஆயில் மட்டம் தாழும் என்பதால், பேடைப் பார்க்காமல் ஆயிலை மட்டும் ஊற்றி விளக்கை அணைப்பது ஆபத்து. பிரேக் மிதித்து மிதித்துச் சூடேறிப் பிடிப்பு இழப்பதற்கோ விளக்கே கிடையாது. டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும். ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு 140 டிகிரியே வரம்பு. மிதி பஞ்சுபோல் அமுங்குவதே ஆயில் கொதிப்பதற்கு அறிகுறி. ஏறிய கியரிலேயே இறங்குவதுதான் காப்பு. டீசலை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விடும்போது ஆயில், பேட்டரி விளக்குகள் சேர்ந்து எரியும். சற்று நேரத்தில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் தீர்ந்துவிடும்.

மஞ்சள் எஞ்சின் விளக்குக்கான தானியங்கிச் சோதனை முறை கலிபோர்னியாவில் 1988 மாடல்களிலும் இந்தியாவில் 2010-இலும் கட்டாயமானது. 2020 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள பாரத் ஸ்டேஜ் 6 மாசுத் தரத்தின்படி வந்த டீசல் வண்டிகளில் புகைவடிகட்டி விளக்கும் சேர்ந்துள்ளது. மலையில் ஊர்ந்தே ஓடுவதால் வடிகட்டியில் அடையும் கரியை எரிக்க, இறங்கிய பின் தேனிச் சாலையில் சிறிது நேரம் சீரான வேகத்தில் ஓட்ட வேண்டும்.