பத்துப் பிரதிகள், ஐம்பது ஆண்டுத் தடை

ஆங்கில எழுத்தாளர் ஜான் ஆடிங்டன் சைமண்ட்ஸ் 1883இல் ஒரு நூலை அச்சிட்டார். அடித்த பிரதிகள் பத்தே பத்து. இத்தாலிய மறுமலர்ச்சியின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதிப் பேர் வாங்கியவர். நான்கு பெண் பிள்ளைகளின் தகப்பன். பண்டைக் கிரேக்கத்தில் ஆண்கள் ஆண்கள்மீது கொண்ட காதலைப் பற்றிய இந்த நூலை மட்டும் அவர் கடைக்கு அனுப்பவில்லை, நம்பிக்கையானவர்களிடம் கைமாற்றினார். அதே பொருளில் 1891இல் எழுதிய அடுத்த நூலுக்கு ஐம்பது பிரதிகள். மருத்துவ உளவியலாருக்கும் சட்ட அறிஞருக்கும் உரியது என்று அதன் முகப்பிலேயே ஒரு காப்புவாசகம் வேறு.

இரண்டாம் நூலின் இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் சட்டம் இருந்தது. சிறுமியரைக் காக்கவென்று பிரிட்டனில் 1885இல் வந்த குற்றவியல் திருத்தச் சட்டத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் ஹென்ரி லபூஷேர் கடைசி நேரத்தில் நுழைத்த 11ஆம் பிரிவு, ஆண்களுக்கு இடையிலான உறவை, அடைத்த கதவுக்குள் நடந்தாலும், ஈராண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரியதாக்கியது. பத்தாண்டு கழித்து எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டைச் சிறைக்கு அனுப்பியதும் அதே பிரிவுதான். எனவே அக்காலத்து எழுத்தாளர்களை ஆராய வருபவருக்கு அவர்களுடைய புத்தகம் மட்டும் போதாது. அதை அச்சிட்டவர், விலைக்கு வாங்கி ஒழித்தவர், பறிமுதல் செய்த போலீஸ்காரர் என எல்லோரையும் பின்தொடர வேண்டியிருக்கிறது.

சைமண்ட்ஸ் 1893இல் ரோமில் இறந்தபோது, மருத்துவர் ஹாவலாக் எல்லிஸுடன் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்த தன்பால் ஈர்ப்பு பற்றிய ஆய்வு பாதியில் நின்றது. எல்லிஸ் அதை முடித்தார். 1896இல் ஜெர்மன் மொழியில் முதலில் வந்தது, மறு ஆண்டு ஆங்கிலத்தில். உடனே சைமண்ட்ஸின் இலக்கியப் பொறுப்பாளரான ஹொரேஷியோ பிரவுன் ஆங்கிலப் பதிப்பு முழுவதையும் வாங்கி முடக்கினார். அடுத்த அச்சில் சைமண்ட்ஸ் பெயரே இல்லை. 1898இல் ஜார்ஜ் பெட்பரோ என்பவர் அந்த நூலின் ஒரு பிரதியை விற்றார். வாங்கியவர் மாறுவேடத்தில் வந்த துப்பறிவாளர். திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைகளின் உரிமைக்காகப் போராடிய சங்கத்தின் செயலாளர் பெட்பரோ. அரசற்றவாதிகள் அங்கே வந்துபோவதுதான் போலீசாரின் கண்ணை உறுத்தியது. புத்தகம் கிடைத்த சாக்கு. பாலுறவு பற்றிய எழுத்தையும் தீவிர அரசியலையும் இன்றைய பல்கலைக்கழகத் துறைகள் தனித்தனியாகப் பிரித்துப் படிக்கின்றன. அன்றைய போலீசாருக்கு அந்தக் குழப்பம் இருக்கவில்லை!

சைமண்ட்ஸின் தன்வரலாறு இன்னும் விசித்திரமான வழியில் பிழைத்தது. பிரவுன் 1926இல் இறந்தபோது, ஐம்பது ஆண்டுகள் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு அது லண்டன் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதனுடன் வந்த மற்றத் தாள்களை எழுத்தாளர் எட்மண்ட் கோஸ் தீயிட்டார். இந்தச் செய்தி சைமண்ட்ஸின் பேத்தி சொல்லித்தான் உலகுக்குத் தெரியும். அந்த கோஸ்தான் 1890இல் சைமண்ட்ஸுக்கு எழுதிய கடிதத்தில் தமக்கும் ஆண்கள்மீது ஈர்ப்பு உண்டென்று ஒப்புக்கொண்டவர். எரிந்தவற்றில் யாருடைய ரகசியம் இருந்தது என்று ஆய்வாளர் கேட்காமல் இருக்க முடியாது. தன்வரலாறு 1984இல்தான் அச்சேறியது.

அதே காலத்து மற்றோர் ஆங்கில எழுத்தாளரான எட்வர்ட் கார்ப்பென்டரின் கதை வேறு. கேம்பிரிட்ஜில் பாதிரியார் பணியை உதறிவிட்டு, ஷெஃபீல்டுக்கு அருகே மில்தார்ப் கிராமத்தில் காய்கறி பயிரிட்டார், செருப்புத் தைத்தார், சோசலிசம் பேசினார். பின்னாளில், சேரியில் பிறந்து வளர்ந்த ஜார்ஜ் மெரிலுடன் அதே வீட்டில் ஊரறியக் குடித்தனம் நடத்தினார். 1894 என்று ஆண்டு பொறித்த அவருடைய தன்பால் காதல் துண்டு நூலை மான்செஸ்டர் தொழிலாளர் அச்சகம் தனிச்சுற்றுக்கு அடித்துக் கொடுத்தது. வைல்ட் வழக்கு வெடித்ததும் லண்டன் பதிப்பாளர் ஃபிஷர் அன்வின் அவருடைய புத்தகங்களைக் கைகழுவினார். 1896இல் அவரது காதல் பற்றிய நூலை வெளியிட முன்வந்தது மீண்டும் அந்தத் தொழிலாளர் அச்சகமே.

தமிழ் வாசகருக்கு இவர் அந்நியர் அல்லர். கேம்பிரிட்ஜ் நண்பர் பொன்னம்பலம் அருணாசலம் அழைக்க, 1890இல் இலங்கை வந்தார். குருநாகலில் இராமசாமி என்ற தமிழ் ஞானியிடம் பாடம் கேட்டார். 1892இல் வெளிவந்த பயண நூலில் அந்த ஞானிக்கென்று தனிப் பகுதியே உண்டு. அருணாசலம் மறைந்த பின் அவருடைய ஞான விளக்கக் கடிதங்களை 1927இல் பதிப்பித்தவரும் கார்ப்பென்டர்தான். காந்தி 'இந்திய சுயராஜ்யம்' நூலின் பிற்சேர்க்கையில் பரிந்துரைத்த நூல்களில் நாகரிகத்தை நோயென்று சாடிய கார்ப்பென்டரின் நூலும் ஒன்று.

அதே பயண நூலில் கண்டி நாட்டு உழவன் களுவாவும் வருகிறான். அவனது உடற்கட்டையும் சுறுசுறுப்பையும் கார்ப்பென்டர் வரைந்திருக்கும் விதத்தில் பயணக் குறிப்பைத் தாண்டிய ஒரு வாஞ்சை தெரிகிறது. சைவ ஆர்வலர்கள் ஞானியின் பகுதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள், பால்புதுமை ஆய்வாளர்கள் களுவாவின் பகுதிக்குத் தாவுகிறார்கள். இரண்டும் ஒரே அட்டைக்குள், ஒரே ஆண்டில், ஒரே கையால் எழுதப்பட்டவை.